"ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?": வாசகர் கேள்விகளுக்குப் பொறையாறு டீச்சரம்மாவின் பதில்கள்

(பொறையாறைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தம் கணவருடன் 2023 ஜனவரி முதல் 2024 ஜூலை வரை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய தமிழ் லுத்தரன் சபையில் மூத்த மிஷனெரித் தம்பதியாக ஊழியம் செய்தார். சென்ற இதழில் அதுபற்றி வந்த துணுக்கைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவர் தம் கையெழுத்தில் எழுதி அனுப்பிய பதில்களும் இங்கே. ஆசிரியர்)

மிஷனெரி என்றால் கர்த்தரை அறியாதவர்களிடம் போகிறவர் என்றுதான் ஞாயிறு பள்ளியில் படித்தோம். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று, சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களிடம் போவதற்கு எதற்கு அந்தப் பெயர்?
வாசகி, கும்பகோணம்

இதே கேள்வியை எங்கள் எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டே கேட்டார். "அவர்களுக்குத்தான் சாமி தெரியுமே, நீங்கள் போய் என்ன சொல்லப் போகிறீர்கள்?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன்.

மலேசியாவில் லுத்தரன் சபை உண்டானதே நம் ஆட்களால்தான். ரயில்வே வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போன தரங்கம்பாடி மிஷன் பிள்ளைகள், போன இடத்தில் தங்களுக்குள் கூடி ஜெபித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த சபை அது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சீயோன் ஆலயத்தில் போய் உட்கார்ந்தால் திருச்சியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும், மின்விசிறி மட்டும் கொஞ்சம் நன்றாகச் சுற்றும். நாங்கள் இருந்த ஊரில் அவ்வளவு வசதி இல்லை. நான்கு ஊர்களுக்கு ஒரே போதகர். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் வருவார். மற்ற நாட்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. இளையவர்கள் எல்லாரும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்று இடம் கொடுக்கிறது. மாநிலங்களும் சட்டம் போட்டிருக்கின்றன. ஆகவே தெருவில் நின்று துண்டுப் பிரதி கொடுக்கும் ஊழியத்துக்கு நாங்கள் போகவே இல்லை. வீடு சந்திப்பது, ஞாயிறு பள்ளி, பெண்கள் கூடுகை, சாவு வீட்டில் இருப்பது, இவைதான் வேலை. பதினெட்டு மாதத்தில் நான் அதிகமாகச் செய்த வேலை உட்காருவது. மிஷனெரி என்ற பெயர் உறுத்தினால் உட்கார வந்தவர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெளிநாட்டு ஊழியம் என்றால் சம்பளம் அந்த நாட்டுப் பணத்திலா?
வாசகர், மன்னார்குடி

கேள்விக்குள் இருக்கும் கேள்வி புரிகிறது. சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், மருந்து, துணிமணி, கைச்செலவு எல்லாம் எங்கள் இரண்டு பேர் ஓய்வூதியத்திலிருந்து. ஆலயத்தின் பின்னால், முன்பு காவலாளி குடும்பம் இருந்த இரண்டு அறை வீட்டையும் மின்கட்டணத்தையும் சபை ஏற்றுக்கொண்டது. அங்கே ரிங்கிட்டை நம் ஆட்கள் "வெள்ளி" என்கிறார்கள். அப்போது ஒரு வெள்ளி நம் பணத்தில் ஏறத்தாழ 18 ரூபாய். முதல் இரண்டு மாதம் கடையில் எதைத் தொட்டாலும் பதினெட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த கையாயிற்றே. பிறகு பெருக்குவதை விட்டுவிட்டேன், பசி பொறுக்கவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு இரண்டு மாதம் ஓய்வூதியம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? கோலாலம்பூர் வரை போய் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிய தாள், ஊரில் எந்த மேசையில் சிக்கியதோ! அந்த இரண்டு மாதமும் அரசாங்கக் கணக்கில் நான் இறந்தவள். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாப்பாடு அவர் ஓய்வூதியத்தில்தான் நடந்தது என்பதால் நானும் சிரித்து வைத்தேன்.

போனது தமிழர்களிடம்தானே? மொழிப் பிரச்சினை இருந்திருக்காது!
வாசகர், நாகப்பட்டினம்

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். போய் இறங்கிய மறுநாள் காலை ஒரு அம்மாள் வாசலில் நின்று, "பசியாறிவிட்டீர்களா?" என்றார். நம் பக்கத்தில் யாராவது பசியைப் பற்றி அவ்வளவு நேராகக் கேட்டால், ஏதோ நாம் பட்டினி கிடப்பதாக நினைத்துவிட்டார்களோ என்று தோன்றும். "நாங்கள் வசதியாகத்தான் இருக்கிறோம்" என்று கொஞ்சம் விறைப்பாகவே சொல்லிவிட்டேன். அங்கே காலைச் சாப்பாட்டுக்கே பெயர் பசியாறுதல் என்பது பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நல்ல சொல்! நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

ரப்பருக்குக் கித்தா, எண்ணெய்ப் பனைக்குச் செம்பனை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு, வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஆயாக் கொட்டகை. ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் எழுதிப் போட்டவள், அறுபத்தெட்டு வயதில் தமிழுக்கே சொற்பொருள் எழுதினேன்.

உண்மையான பிரச்சினை எழுத்தில் இருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அழகாக வாசிப்பார்கள். மலாய்ப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் போகும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஓர் எழுத்துத் தெரியாது. ஆராதனையில் பாட்டுகளை வெண்திரையில் ஆங்கில எழுத்தில்தான் ஓடவிடுவார்கள். நம் மூதாதையர் பாடிய அதே ஞானப்பாட்டு, அதே கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கட்டியதை அந்த எழுத்தில் வாசிக்கையில் ழகரமும் ளகரமும் ஒன்றாகி, குறில் எல்லாம் நெடிலாகி, நான் முதல் ஞாயிறு வாயே திறக்கவில்லை. கோபம்தான். வேறு என்ன?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "புலம்புவதற்கா டிக்கெட் எடுத்தோம்?" என்றார். அடுத்த சனிக்கிழமை மதியம் பித்தளைத் தாம்பாளம் ஒன்று இரவல் வாங்கி, அரிசியைப் பரப்பி, ஆலயத்தின் பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தேன். விரல் முனை குளிர்சாதன அறையிலிருந்து வந்த ஜில்லிப்பில் இருந்தது. சுழியைப் போட்டு, வளைவைப் போட்டு, நெட்டுக்கோட்டை இழுத்ததும் கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "பாட்டி, இது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருக்கிறது" என்றான். ஆயிரம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் கொடுத்திருப்பேன், ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

நாங்கள் புறப்படும்போது பதினோரு பிள்ளைகள். அதில் நான்கு பேர் வேதாகமம் தடுமாறாமல் வாசித்தார்கள். மற்றவர்கள் தடுமாறித்தான் வாசித்தார்கள். வெண்திரையில் இப்போதும் ஆங்கில எழுத்துத்தான் ஓடுகிறது. தமிழ் எழுத்தைக் கீழே சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரிகளின் வரிசையில் உங்களையும் வைக்கலாமா?
வாசகர், மயிலாடுதுறை

ஐயா, பெரிய வார்த்தை. சீகன்பால்கும் புளுட்சோவும் கோபன்ஹேகனில் கப்பலேறி ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். நாங்கள் திருச்சியில் ஏறி நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கினோம். சீகன்பால்கை டேனிஷ் கோட்டைத் தளபதி நான்கு மாதம் சிறையில் வைத்தார். என் கைப்பையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயைத் திருச்சி விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதுதான் நான் பட்ட உபத்திரவம்.

அவர் வந்த இடத்தில் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுதிப் பழகினார் என்று நம் ஊரில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. காகிதத் தட்டுப்பாடு வந்து, பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்னும் இருக்கிறது, பஸ்ஸில் போனால் காதில் விழும். 1719இல் முப்பத்தாறு வயதில் செத்துப்போனார். புது எருசலேம் ஆலயத்தில்தான் அடக்கம். முப்பத்தாறு வயதில் நான் இடமாறுதலுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பாட்டனாரின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். திரும்பவே இல்லை. நம் பக்கத்து ஆட்களை அங்கே பார்த்தீர்களா?
வாசகர், திருவாரூர்

உங்கள் கடிதத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தீர்கள். விசாரித்தேன், கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும். ஆனால் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

எங்கள் சபையில் எண்பத்தேழு வயது அம்மாள் ஒருவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா நன்னிலம் பக்கம். கூலி ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்துவதற்குச் சில வருடம் முன்னால், மனைவியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ஜப்பான்காரன் வந்தபோது, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்ததில் அவரையும் கொண்டுபோனார்கள். 1943க்குப் பிறகு தகவல் இல்லை. இந்த அம்மாளுக்கு அப்பா முகம் நினைவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி மனத்தில் பதிந்த சில விஷயங்கள் மட்டும் உண்டு.

முதல் முறை வீட்டுக்குப் போனபோது, நாங்கள் தரங்கம்பாடிப் பக்கம் என்று மருமகள் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் காது மந்தம். இரண்டு முறை உரக்கச் சொன்ன பிறகு, என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்றார்.

அது ஜனவரி மாதம். சம்பா அறுப்பு நேரம். ஆற்றில் தண்ணீர் வருகிற காலமா அது? என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். மருமகள்தான் விளக்கினாள். ஊரிலிருந்து புதிதாக யார் வந்தாலும் அவருடைய அப்பா முதலில் கேட்கும் கேள்வி அதுவாம். லயத்தில் அதுவே குசலம் விசாரிப்பதாகிப் போயிற்று. காவிரியை ஒருமுறைகூடப் பார்க்காத மகள் அதை எண்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போவோம். என் வீட்டுக்காரர் சங்கீதம் ஒன்று வாசிப்பார், நான் ஜெபம் சொல்வேன். அதெல்லாம் முடிந்ததும் கேள்வி வரும். 2023 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தபோது தம்பி மகன் அனுப்பிய காணொளியைக் கைபேசியில் காட்டினோம். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். மதகிலிருந்து நுரைத்து விழுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சத்தமா போடும்?" என்றார். அந்தக் காணொளியில் சத்தமே இல்லை, என் வீட்டுக்காரர் அணைத்து வைத்திருந்தார். அக்டோபர் 10ஆம் தேதி மேட்டூரை மூடிவிட்டார்கள். அந்த வியாழக்கிழமை அவர் கேட்டபோது, "நின்றுவிட்டது, நீர்மட்டம் இல்லை" என்றேன். வேண்டுமானால் பொய் சொல்லியிருக்கலாம். சம்பா நட்டவர்கள் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம், சொல்ல வாய் வரவில்லை. "அப்படியானால் ஜெபம் பண்ணு" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

2024இல் ஜூன் 12 அன்று திறக்கவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். எங்கள் பக்கம் கடைமடை. நண்டலாற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, பாலத்திலிருந்தே அவர் மருமகளைக் கைபேசியில் கூப்பிட்டோம். "அத்தை தூங்குகிறார், எழுப்பவா?" என்றாள். எழுப்பு என்றேன்.

மலேசியாவில் என்ன சாப்பிட்டீர்கள்?
வாசகி, பட்டுக்கோட்டை

சோறு, குழம்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். நம் பரோட்டாவுக்குத் தூரத்து உறவு. என் வீட்டுக்காரருக்கு அங்கத்திய "தே" மேல் மோகம். டீயை அவர்களும் "தே" என்றே சொல்கிறார்கள். கட்டிப்பால் ஊற்றி ஆற்றிக் கொடுப்பார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்த தவறு ஏதாவது உண்டா? எல்லாரும் சாதனையைத்தான் எழுதுகிறார்கள்.
வாசகர், தஞ்சாவூர்

உண்டு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடும்.

போன மூன்றாவது மாதம். திருவிருந்து ஆராதனை. இருபது வயதுப் பெண் ஒருத்தி கால்சட்டையும் சட்டையுமாக, தலையில் முக்காடு இல்லாமல் வரிசையில் நின்றாள். நம் பக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போடாமல் எந்தப் பெண்ணும் பலிபீடத்தண்டை போவதில்லை. நான் பின்னால் போய், தோளைத் தொட்டு, என் கைக்குட்டையைக் கொடுத்துத் தலையை மூடிக்கொள்ளச் சொன்னேன். தலைமையாசிரியைப் புத்தி. அவள் ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டாள். அடுத்த மூன்று ஞாயிறும் அவளும் வரவில்லை, அவள் அம்மாவும் வரவில்லை.

விசாரித்தால், தொழிற்சாலையில் இரவு முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேரே ஆலயத்துக்கு வந்திருக்கிறாள். அன்று அவள் அப்பாவின் நினைவு நாள். அந்த ஆலயத்தில் முக்காடு போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை. நேற்று வந்த நான் கேட்டேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா முகம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்தான் தே போட்டுக்கொண்டு வந்தாள். "தப்புச் செய்துவிட்டேன் அம்மா" என்று சொல்ல எனக்கு முழு டம்ளர் தே தேவைப்பட்டது. அவள் உள்ளே போய் என் கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்திருந்தாள். நான் தைத்த சிவப்பு ஓரம் அப்படியே மேல்பக்கம் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வந்தாள். முக்காடு இல்லாமல்தான்.

இந்த வயதில் பிள்ளைகள், சொந்தபந்தங்களை விட்டுப் போனது சரியா? ஏதாவது ஒன்று என்றால்?
வாசகர், காரைக்கால்

ஏதாவது ஒன்று ஆயிற்று. 2024 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தில் என் அக்கா இறந்தார். எனக்கு அம்மா ஸ்தானத்தில் இருந்தவர். அந்தச் சமயம் விசா நீட்டிப்புக்காக எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் அலுவலகத்தில் இருந்தன. கிளம்ப வழியே இல்லை. அடக்க ஆராதனையைக் கைபேசியில் பார்த்தேன். பிடித்திருந்த பையனின் கை நடுங்கியதில் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது.

சாயங்காலம் சபையார் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த இரண்டு அறையில் முப்பது பேர். நாற்காலி ஏது, எல்லாரும் தரையில். யாரும் எனக்கு ஆறுதல் வசனம் சொல்லவில்லை. கைக்குட்டைப் பெண் தரையில் என் பக்கத்தில் வந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை, பசியாற அவர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

சரியா தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாள் முழுதும் இருவரும் ஒரே வீட்டில், ஒரே வேலையில். சண்டை வரவில்லையா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருத்துறைப்பூண்டி

வந்தது.

நானும் என் மனைவியும் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறோம். எங்களுக்கும் இப்படிப் போக ஆசை. என்ன தயாரிப்பு வேண்டும்?
வாசகர், சீர்காழி

முதலில் பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்நிய மண்ணில் கடைவாய்ப் பல் வலி வந்தால் எந்த விசுவாசமும் தாங்காது. கண்ணாடி இரண்டு ஜோடி. மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், அங்கே கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். ஓய்வூதியச் சான்று விஷயத்தை முன்கூட்டியே விசாரித்து, தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள், என்னைப் போல் இரண்டு மாதம் இறந்துவிடாதீர்கள். பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, என் வீட்டுக்காரர் ஆர்மோனியம் வாசிக்கப் போய், அங்கத்திய இளைஞர்களின் கீபோர்டோடு சுருதி சேராமல் கடைசியில் கதவருகே நின்று காலணிகளை ஒழுங்குபடுத்தும் வேலையை விரும்பி எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பொருந்தியது. ஆலயத்துக்கு வருகிற அத்தனை பேர் பெயரும் முதலில் அவருக்குத்தான் தெரிந்தது.

போன புதிதில் மூன்று மாதம் யாருக்கும் எந்த யோசனையும் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். நீங்கள் ஆசிரியர் என்றால் ஆறு மாதம்.

வீட்டுச் சாவியை உறவுக்காரரிடம் கொடுக்காமல் எதிர்வீட்டில் கொடுங்கள். காரணம் கேட்டு எழுத வேண்டாம்.